கையொப்பம் யாருடையது?

நுழையும்முன்

ஊராட்சி மன்றத் தலைவர் இருக்கையில் பெண்கள் அமர்வது இன்று தமிழ்நாட்டில் வியப்புக்குரிய செய்தியன்று. அந்த இருக்கைக்குரிய அதிகாரம் அவர்தம் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதே இன்றைய வினா. விடையைச் சட்ட நூல்களில் மட்டும் தேடினால் போதாது. ஊர் கூடும் அவையிலும் தேட வேண்டும்.

குடவோலை கண்ட மண்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அவை, ஊர் ஆட்சிக்குரியோரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. எதையும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தனர். அவ்வாறு தேர்வு பெற்றோர் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலிய வாரியங்களில் பொறுப்பேற்றனர்.

அக்கல்வெட்டு கூறும் விதிகளுள் ஒன்று இன்றும் போற்றத்தக்கது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வர இயலாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் வர இயலாது. பொதுப்பணத்தைக் கையாண்டவர் ஊருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது.

அதே கல்வெட்டு இன்னொரு செய்தியையும் கூறுகிறது. வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவராக இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியவராக இருத்தல் வேண்டும். முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்கு உட்பட்டவராகவும் வேதக் கல்வி உடையவராகவும் இருத்தல் வேண்டும். இவ்வரையறைக்குள் நிலமற்ற உழவர் இல்லை, தொழிலாளர் இல்லை, பெண்கள் இல்லை. ஏரி நீரை வீட்டுக்குச் சுமந்தவர்க்கு ஏரி வாரியத்தில் இடமிருக்கவில்லை.

ஆகவே, குடவோலையின் மரபுரிமை இரு கூறுகளை உடையது. கணக்குக் கேட்கும் ஒழுங்கு போற்றிக் காக்க வேண்டியது; யார் கேட்கலாம் என்னும் எல்லை மாற்ற வேண்டியது. உள்ளாட்சியில் பெண்களின் வருகை அந்த இரண்டாம் கூறினைத் திருத்தி எழுதும் முயற்சியாகும்.

நியமனத்திலிருந்து தேர்தலுக்கு

இம்முயற்சி மெல்லவே நகர்ந்தது. 1921ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. ஆங்கிலேய இந்தியாவின் மாகாணங்களுள் அம்முடிவை முதலில் எடுத்தது சென்னையே. எனினும், சொத்துடையோர்க்கே வாக்கு என்றிருந்த காலமாதலின், அவ்வுரிமை மிகச் சிலரையே எட்டியது. மருத்துவர் முத்துலட்சுமி அம்மன்றத்தில் இடம்பெற்று, 1927இல் அதன் துணைத்தலைவராகவும் பொறுப்பேற்றார். அவர் அங்குச் சென்றது நியமன உறுப்பினராகவே.

விடுதலைக்குப் பின், 1957ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த பல்வந்த்ராய் மேத்தா குழு, மூன்றடுக்கு ஊராட்சி அமைப்பைப் பரிந்துரைத்தது. பெண்கள், குழந்தைகள் நலனில் ஈடுபாடுடைய பெண்கள் இருவரைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் அதன் கருத்து. ஆனால், ‘சேர்த்துக்கொள்ளப்பட்டவர்’ விருந்தினரைப் போன்றவர். அழைத்தால் வரலாம், அழைக்காவிடில் கேட்க உரிமையில்லை. மக்களின் வாக்கைப் பெற்று வருபவரின் நிலை வேறு. அவரை அனுப்பியவர்கள் அவருக்குப் பின்னால் நிற்கின்றனர்.

அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது அரசமைப்பின் 73ஆம் திருத்தம். 1992ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஊரக உள்ளாட்சி உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அது விதித்தது. பட்டியல் சமூகத்தினர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கப்பட்ட இடங்களிலும் பெண்களுக்கு அதே பங்கு உறுதி செய்யப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், அதனை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளின் பட்டியல் ஆகியனவும் அத்திருத்தம் தந்தவையே.

தமிழ்நாடு 1994ஆம் ஆண்டில் தனக்குரிய ஊராட்சிகள் சட்டத்தை இயற்றியது. அதன்படி முதல் தேர்தல் 1996இல் நடைபெற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பெண்களுக்கான பங்கினை ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. மாநிலத்தில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன என்பதை எண்ணிப்பார்த்தால், அதன் பரப்பு புலப்படும். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் சட்டத்திருத்தம் 2023இல்தான் நிறைவேறியது. தலைநகரம் முப்பது ஆண்டுகள் தயங்கிய செயலைச் சிற்றூர்கள் முன்னரே செய்யத் தொடங்கிவிட்டன.

இருக்கையும் கையொப்பமும்

இருக்கை கிடைத்தது, அதிகாரம் கிடைத்ததா? இவ்வினாவை எழுப்புவோர் பலரும் ஒரே காட்சியைச் சுட்டுகின்றனர். தலைவர் பெண்; ஆனால், அலுவலகத்தில் அமர்பவர் அவர்தம் கணவர், தந்தை, உடன்பிறந்தார் அல்லது மகன். ஒப்பந்தக்காரரிடம் பேசுபவரும் அவரே. ஒன்றிய அலுவலகத்திற்குச் செல்பவரும் அவரே. வீட்டுக்கு அனுப்பப்படும் ஏடுகளில் ஒப்பமிடுவது மட்டுமே பெண்ணின் பணியாகிறது.

இக்காட்சி பல ஊர்களில் உண்மையே. ஆனால், அதிலிருந்து பெறப்படும் முடிவு பிழையானது. ‘பெண்களுக்கு ஆளத் தெரியாது, ஆகவே, ஒதுக்கீடு வீண்’ என்பது அம்முடிவு. முதன்முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஆடவர்க்கும் வரவுசெலவுத் திட்டமோ, மதிப்பீட்டு அறிக்கையோ, ஒப்பந்தப்புள்ளியோ பிறவியிலேயே தெரிந்திருப்பதில்லை. அவர் கற்றுக்கொள்கிறார். தேநீர்க் கடையிலும் ஒன்றிய அலுவலகத் தாழ்வாரத்திலும் கட்சிக் கூட்டத்திலும் அவருக்குக் கற்பிக்க ஆளுண்டு. பெண்ணுக்கு அவ்விடங்கள் எளிதில் திறப்பதில்லை. மாலையில் நடைபெறும் கூட்டத்திற்குச் செல்லப் பேருந்து வேண்டும். வீட்டுவேலையைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும். சென்று திரும்பினால் புறங்கூறாத ஊர் வேண்டும். அறியாமை எனப்படுவது பெரும்பாலும் வாய்ப்பின்மையே ஆகும்.

மேலும், கணவர் ஆளும் ஊராட்சியில் சட்டப்பொறுப்பு கணவருடையதன்று. கணக்கில் குறை நேர்ந்தால் விளக்கம் கேட்டு வரும் அறிக்கையில் இருப்பது தலைவராகிய பெண்ணின் பெயரே. அதிகாரம் ஒருவரிடமும் பழி இன்னொருவரிடமும் இருக்கும் ஏற்பாடு அது. அதனைப் பெண்ணின் குறையாகக் கூறுவது, வழிப்பறிக்கு ஆளானவரையே குற்றவாளியாக்குவது போன்றது.

தடைகள் வீட்டுக்குள் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து ஒப்பமிட வேண்டும். ஒருவர் தவறு செய்யாதவாறு மற்றவர் காக்க வேண்டும் என்பது இவ்விதியின் நன்னோக்கம். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். தலைவர் பட்டியல் சமூகப் பெண்ணாகவும், துணைத்தலைவர் ஊரில் செல்வாக்குள்ள குடும்பத்தின் ஆடவராகவும் அமையும்போது, இரண்டாம் ஒப்பம் ஒரு பூட்டாக மாறக்கூடும். குழாய் பழுதுபார்க்கப் பணம் இருக்கும், தீர்மானமும் இருக்கும், ஒப்பம் மட்டும் வராது. குடங்களுடன் நிற்கும் மக்களோ தலைவரையே குறைகூறுவர்.

சாதியின் சினம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு மேலவளவு சான்றாகும். மதுரை மாவட்டத்தில் மேலூரை அடுத்த அவ்வூரில், பட்டியல் சமூகத்தினர்க்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் உடன் வந்தோர் சிலருடன் படுகொலை செய்யப்பட்டார். கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சமூகத்துப் பெண் தலைவர் ஒருவர், மன்றக் கூட்டத்தில் மற்றவர் நாற்காலியில் அமர்ந்திருக்கத் தாம் மட்டும் தரையில் அமர்ந்திருந்த ஒளிப்படம் 2020இல் வெளியாகி, வழக்குப் பதிவுக்குக் காரணமாயிற்று. சட்டம் தந்த இருக்கையை ஊர் பறித்துக்கொண்ட காட்சி அது. பெண் என்பதும், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் என்பதும் ஒருவரிடம் ஒன்றுசேரும்போது தடையும் இருமடங்காகிறது.

தண்ணீரும் கனவும்

இத்தனை தடைகளுக்கிடையிலும் பெண்களின் தலைமை பயன் தந்ததா? இதற்கு உணர்ச்சியால் அன்றி ஆய்வால் விடை காண முயன்றவர்கள் உள்ளனர். தமிழ்நாட்டுக்கு வெளியே, மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் இராசத்தானின் உதயப்பூர் மாவட்டத்திலும் இராகவேந்திர சட்டோபாத்யாய, எஸ்தர் டூஃப்லோ ஆகிய இருவரும் மேற்கொண்ட ஆய்வு 2004இல் வெளிவந்தது. எந்த ஊராட்சி பெண்ணுக்கு ஒதுக்கப்படும் என்பது விருப்பு வெறுப்பின்றி முடிவு செய்யப்பட்டதால், ஒதுக்கப்பட்ட ஊரையும் ஒதுக்கப்படாத ஊரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகள், பெண்கள் மிகுதியாக முறையிட்ட பணிகளில் கூடுதலாக முதலீடு செய்தன என்று ஆய்வு காட்டியது. இரு மாநிலங்களிலும் அப்பணிகளுள் முதன்மையானது குடிநீர்.

அதே ஆய்வாளர் பங்கேற்ற பிற்கால ஆய்வு ஒன்று, மேற்கு வங்கத்தின் 495 சிற்றூர்களில் வளரிளம் பருவத்தினரையும் பெற்றோரையும் சந்தித்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டது. இரண்டு பதவிக்காலம் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், மகனைப் பற்றிய கனவுக்கும் மகளைப் பற்றிய கனவுக்கும் இருந்த இடைவெளி பெற்றோரிடம் குறைந்திருந்தது. சிறுமியரின் சொந்தக் கனவுகளும் உயர்ந்திருந்தன. கல்வியில் ஆண் பெண் வேறுபாடு மறைந்திருந்தது. சிறுமியர் வீட்டுவேலையில் செலவிட்ட நேரமும் குறைந்திருந்தது. அவ்வூர்களில் எவரும் சிறுமியர்க்கெனத் தனித் திட்டம் வகுக்கவில்லை. ஒரு பெண் ஊரை நடத்துவதைக் கண்டதே அம்மாற்றத்திற்குக் காரணம் என ஆய்வாளர் கருதினர்.

ஆய்வுகள் கசப்பான உண்மை ஒன்றையும் எடுத்துரைத்தன. முதன்முறை பெண் தலைமையேற்ற ஊர்களில், பணிகள் குறைவின்றி நடைபெற்றபோதும் மக்கள் அவர்க்குக் குறைவான மதிப்பையே அளித்தனர். பழக்கமற்ற கண்ணுக்கு நல்ல பணியும் எளிதில் புலப்படுவதில்லை. பெண்களின் தலைமை மீண்டும் மீண்டும் வந்த ஊர்களில் அந்த மனச்சாய்வு தளர்ந்தது. ஒதுக்கீட்டினை ஓரிரு தேர்தல்களைக் கொண்டு எடைபோடுவது சரியன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கிராமசபை என்னும் வேர்

பெண் தலைவர்க்கு வலிமை தருவது எது? பயிற்சியும் பாதுகாப்பும் தேவையே. ஆனால், அவற்றினும் அடிப்படையானது ஊரில் அவர் தனித்து நில்லாமை. அதற்கு அரசமைப்பு வகுத்த இடம் கிராமசபை.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராமசபையின் உறுப்பினர் ஆவர். அவர்களை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை; எவரும் நீக்கவும் இயலாது. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்திற்கும் வரவுசெலவுத் திட்டத்திற்கும் ஒப்புதல் அளிப்பதும், தணிக்கை அறிக்கையை ஆராய்வதும், நடைபெறும் பணிகளை மதிப்பிடுவதும் அச்சபையின் பணிகள். உத்திரமேரூர்க் கல்வெட்டு சிலர்க்கு மட்டும் அளித்த கணக்குக் கேட்கும் உரிமை, இங்கு நூறுநாள் வேலைக்குச் செல்லும் மூதாட்டிக்கும் உரியது.

தெரிந்து தெளிவோம்: தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராமசபை கூடிவந்தது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022இல் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்றாயிற்று.

அவ்வுரிமை செயற்படும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு தெருவில் காலை பத்து மணிக்குக் குடிநீர் வருகிறது. அந்நேரத்தில் பெண்கள் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். குடம் நிரப்பும் பொறுப்பு வீட்டிலிருக்கும் சிறுமியின் மேல் விழுகிறது. அவள் பள்ளிக்குத் தாமதமாகச் செல்கிறாள் அல்லது செல்லாமலேயே இருந்துவிடுகிறாள். நீர்த்தொட்டியும் குழாயும் மோட்டாரும் குறைவின்றி உள்ளன. ஏட்டில் அத்தெரு குடிநீர் வசதி பெற்ற தெரு. குறை நேரத்தில் இருக்கிறது. அதனை அறிந்தவர் நீர் பிடிப்பவர் மட்டுமே. அவர் சபையில் எழுந்து கூற வேண்டும். கூறியது தீர்மானமாக எழுதப்பட வேண்டும். எழுதியது உரக்கப் படித்துக்காட்டப்பட வேண்டும். அதன்பின்னரே வருகைப் பதிவேட்டில் மக்கள் ஒப்பமிட வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் வினா, ‘அத்தீர்மானம் என்னவாயிற்று?’ என்பதாக இருத்தல் வேண்டும். அவ்வளவே, ஆயினும், அவ்வளவும் நடந்தால்தான் அது மக்களாட்சி.

பல இடங்களில் முறை தலைகீழாகிறது. வருகைப் பதிவேடு வீடுவீடாகச் சென்று ஒப்பம் பெற்றுத் திரும்புகிறது. தீர்மானங்கள் பின்னர் எழுதப்படுகின்றன. தலைவரின் ஒப்பத்தைக் கணவர் வாங்கிச் செல்வதும், ஊராரின் ஒப்பத்தைப் பதிவேடு வாங்கிச் செல்வதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். படிக்காமல் இடப்படும் கையொப்பம், இட்டவருடையதன்று, அதைப் பயன்படுத்துவோருடையது.

இந்நோய்க்கு மருந்தும் ஊரிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ஆம் ஆண்டு தருமபுரியில் வேரூன்றிப் பின்னர் மாநிலமெங்கும் பரவின. குழுவில் சேர்ந்த பெண் வாரந்தோறும் கூடுகிறார், சேமிப்பை எழுதுகிறார், கடன் கேட்டு வந்தவரின் தேவையை எடைபோடுகிறார், வங்கிக்குச் சென்று பேசுகிறார், சுழற்சி முறையில் பொறுப்பேற்கிறார். தீர்மானம் எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும் அவருக்குப் புதியவை அல்ல. ஒரு குழுவின் சில ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்கத் தெரிந்தவர், ஊராட்சியின் பல இலட்சம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால், குழுக்களைக் கடன் வழங்கும் வாயிலாகவும் விழாவுக்கு ஆள் சேர்க்கும் வழியாகவும் மட்டும் காணும் போக்கு, அந்த ஆற்றலைச் சபைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

அரிட்டாபட்டி கூறுவது

கிராமசபையின் தீர்மானம் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதை, மேலவளவைப் போலவே மேலூர்ப் பகுதியைச் சார்ந்த மற்றோர் ஊர் காட்டியது. அது அரிட்டாபட்டி. தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் குன்றுகளும் சுனைகளும் ஏரிகளும் நிறைந்த அவ்வூர்ப் பகுதி, 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு இறுதியில் நடைபெற்ற தேர்தலில் அவ்வூராட்சியின் தலைவராக மக்கள் தேர்ந்தெடுத்தது, முதுமை வாய்ந்த வீரம்மாளை. முன்னைய தேர்தல்களில் தோல்வியுற்றும் பின்வாங்காமல் மீண்டும் போட்டியிட்டு வென்றவர் அவர்.

2024ஆம் ஆண்டு நவம்பரில் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்ட செய்தி வெளியானது. அதே மாதத்தில் கூடிய கிராமசபையில் அரிட்டாபட்டி மக்கள் சுரங்கத்திற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றினர். சுற்றியுள்ள ஊராட்சிகளும் அவ்வாறே செய்தன. பெண்களும் உழவர்களும் திரளாகப் போராட்டத்தில் இறங்கினர். டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை விலக்கிக்கொண்டது.

இந்த வெற்றி ஒரு கூட்டத்தால் மட்டும் விளைந்ததன்று. பலருடைய உழைப்பு அதில் கலந்துள்ளது. எனினும், ஊரின் மறுப்பு முறையான தீர்மானமாக எழுத்தில் நின்றது. முழக்கம் காற்றில் கரையலாம். பதிவேட்டில் ஏறிய தீர்மானத்தைப் புறக்கணிப்பது எளிதன்று. தலைவரின் கையொப்பத்துக்குக் கீழே ஊரே ஒப்பமிட்டிருந்தால், அந்தக் கையொப்பம் யாருடையது என்னும் ஐயத்துக்கு இடமில்லை.

செய்யத்தக்கன

பெண்களின் தலைமை உண்மையாக வேண்டுமாயின், ஒதுக்கீட்டின் விழுக்காட்டை உயர்த்தியதோடு நின்றுவிடலாகாது. முதலாவதாக, கிராமசபைக்கு முன்னதாக மகளிர் மட்டும் கூடும் கூட்டம் நடைபெற வேண்டும். மகாராட்டிரத்தில் சட்டமே இதனை வலியுறுத்துகிறது. ஆடவர் நிறைந்த அவையில் முதன்முறை எழுந்து பேசுவது கடினம். முன்னரே பேசித் தெளிந்த கருத்தைப் பத்துப் பேராகச் சேர்ந்து முன்வைப்பது எளிது. கூட்டத்தின் நேரமும் பெண்களுக்கு இயல்வதாக அமைய வேண்டும்.

இரண்டாவதாக, இரண்டாம் ஒப்பத்துக்குக் கால வரையறை வேண்டும். துணைத்தலைவர் ஒப்பமிட மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். குறித்த நாள்களுக்குள் மேலலுவலர் முடிவெடுக்க வேண்டும். காவலுக்கு வைத்த விதி தடையாக மாறாதிருக்க இஃது ஒன்றே வழி. தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தவிர வேறெவரும் அலுவலகக் கூட்டத்தில் அவருக்காகப் பேசுதல் கூடாது என்பதில் அலுவலரும் உறுதியாக நிற்க வேண்டும். கணவரை அழைத்துப் பேசும் அலுவலர் இருக்கும்வரை, கணவர் ஆட்சியும் இருக்கும்.

மூன்றாவதாக, உரிய காலத்தில் தேர்தல் நடைபெற வேண்டும். 2016இல் பதவிக்காலம் முடிந்தபின், 2019 இறுதிவரை தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின்றித் தனி அலுவலர்களால் நடத்தப்பட்டன. இத்தகைய இடைவெளி அனைவரையும் தாக்கும். ஆயினும், கட்சியிலும் தொழிலிலும் வேறு பிடிமானமுள்ளவர் அதனைத் தாங்கிக்கொள்வர். ஊராட்சியே முதல் மேடையாக அமைந்த பெண்களோ வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றனர்.

நான்காவதாக, சுழற்சி முறையில் ஒதுக்கீடு வேறு ஊராட்சிக்கு மாறியபின் என்ன நிகழ்கிறது என்பதையும் கருத வேண்டும். பட்டறிவு பெற்ற பெண் பொது இடத்தில் போட்டியிட முன்வருவாராயின், கட்சிகளும் ஊரும் அவரை விலக்குதல் கூடாது. பெண்ணுக்குரியது பெண்ணுக்கு ஒதுக்கிய இடம் மட்டுமே என்று சட்டம் எங்கும் கூறவில்லை. ஒதுக்கீடு தொடக்கக் கோடேயன்றி எல்லைக்கோடு அன்று.

பதினெட்டு வயதில் ஓர் அவை

இவை அரசுக்கும் அலுவலர்க்கும் உரியவை என எண்ணி இளையோர் ஒதுங்கியிருக்க இயலாது. இன்று பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மாணவர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் பதினெட்டு வயதை எட்டுவர். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ந்த அன்றே, ஊரகத்தில் வாழ்வோர் கிராமசபையின் உறுப்பினர் ஆகிவிடுவர். இருபத்தொரு வயதில் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடும் தகுதியும் வந்துவிடும். சட்டமன்ற உறுப்பினராக இருபத்தைந்து வயதுவரை காத்திருக்க வேண்டும். ஊருக்குப் பணியாற்ற அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. எழுத்தறியாத பாட்டிக்கு ஊராட்சியின் வரவுசெலவு அறிக்கையைப் படித்துக்காட்டலாம். அம்மாவின் கையொப்பத்தைக் கேட்டு வாசலுக்குப் பதிவேடு வருமாயின், அதில் எழுதியிருப்பதை முதலில் வாசித்துச் சொல்லலாம். கூட்டத்துக்குச் செல்லும் அம்மாவிற்காக அன்றைய சமையலை மகனும் மகளும் பகிர்ந்துகொள்ளலாம். இவை சிறு செயல்கள். ஆனால், பெண் தலைவர்களைத் தனிமையிலிருந்து மீட்பவை இத்தகைய செயல்களே.

முற்காலத்துக் குடவோலையில் பெயர் எழுதப்படாத பெண்களின் பெயர்கள் இன்று வாக்குச்சீட்டில் அச்சாகின்றன. ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்படுகின்றன. இனி, அப்பெயருக்குரியவர் தம் கைப்பட எழுதிய முடிவுகள் தீர்மான ஏட்டில் இடம்பெற வேண்டும். அந்த ஏட்டைத் திறந்து படிக்கும் உரிமை ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊராட்சியில் அல்லது அருகிலுள்ள ஊராட்சியில் நடைபெறும் கிராமசபைக் கூட்டத்தைப் பார்வையிட்டு, பெண்கள் எழுப்பிய வினாக்களையும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளையும் தொகுத்து எழுதுக.

2. ‘ஒதுக்கீடு தொடக்கக் கோடேயன்றி எல்லைக்கோடு அன்று’ என்னும் கருத்தினை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் கலந்துரையாடுக.